அலுமினியம் ஊறிய தட்டுகள்

1. முதல் தட்டைத் தாராவிப் பட்டறைக்குக் கொடுத்தேன். எங்கள் ஆய்வுக்கூடத்து மின்சார உலையில் அதே மாதிரித் தட்டு மழைக்காலம் முழுவதும் இருந்தும் ஒன்றும் ஆகவில்லை. தாராவியில் இரண்டு வாரத்துக்குள் பொருக்குப் பொருக்காக உதிர்ந்துவிட்டது.

2. பூச்சு சரியாக ஏறவில்லை என்று நினைத்தேன். இரண்டாவது தட்டைப் பெட்டிக்குள் இன்னும் நீண்ட நேரம் சுட்டு, ஓரத்தை அரத்தால் ராவிப் பார்த்து, மனசுக்குத் திருப்தியான பிறகே கொடுத்தேன்.

3. இரண்டாவது தட்டு முதல் தட்டைவிடச் சீக்கிரம் போனது.

4. மூன்றாவது தட்டை நானே கையில் எடுத்துக்கொண்டு போனேன்.

5. பட்டறைக்காரரின் மனைவி என்னை உலைக்கு எதிரே நிறுத்தித் திருஷ்டி சுற்றினார்.

நடந்தது இவ்வளவுதான். இப்படி வரிசை போட்டு எழுதினால் எனக்கு எல்லாம் விளங்கிவிடும். படிக்கிறவர்களுக்கு விளங்காது என்று ஆய்வுக்கூடத்தில் எங்கள் பகுதித் தலைவர் பலமுறை சொல்லியிருப்பதால் விரித்து எழுதுகிறேன்.

நான் ரசாயனம் படித்தவள். யுத்தம் முடிந்த மறுவருஷம் மாட்டுங்காவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் தற்காலிக உதவியாளராகச் சேர்ந்தேன். நிக்கலும் குரோமியமும் கலந்த எஃகு சூட்டைத் தாங்கும்; ஆனால் அது சீமையிலிருந்து வரவேண்டும். யுத்தத்தில் கப்பல் நின்றபோது அதுவும் நின்றது. யுத்தம் முடிந்தும் ஒழுங்காக வரத் தொடங்கவில்லை. சாதாரண இரும்பையே நெருப்பில் நிற்கும்படி செய்ய முடியுமா என்று பார்ப்பதுதான் என்னிடம் கொடுத்த வேலை.

முறை புதிதல்ல. ஒரு பெட்டியில் அலுமினியத் தூள், அலுமினிய ஆக்ஸைடு தூள், பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் வைத்திருக்கும் நவச்சாரம் ஒரு சிட்டிகை, இவற்றுக்கு நடுவே இரும்புத் தட்டைப் புதைத்து, மூடியைக் களிமண்ணால் அடைத்துச் சுடவேண்டும். அலுமினியம் இரும்பின் தோலுக்குள் ஊறி இறங்கிவிடும். பிறகு அந்தத் தட்டை எந்த நெருப்பில் வைத்தாலும், தோலில் உள்ள அலுமினியம் காற்றோடு சேர்ந்து ஒரு மெல்லிய ஆக்ஸைடு படலமாகிறது. மாணிக்கக்கல்லும் இதே பொருள்தான், நிறம் மட்டும் வேறு. சாதாரண இரும்பின் துரு உதிர்ந்துகொண்டே இருக்கும். இந்தப் படலம் உதிராது, கீழே காற்றையும் விடாது. எங்கேயாவது கீறினாலும் அடியிலிருந்து புதிதாக வந்து மூடிக்கொள்ளும். இந்த ஒரு குணத்துக்காகவே எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. பழுதைத் தானே சரிசெய்துகொள்ளும் பொருள் உலகத்தில் எத்தனை இருக்கிறது?

இரண்டாவது தட்டும் போனபின் பகுதித் தலைவர் என்னைக் கூப்பிட்டார். மராத்திக்காரர், சத்தம் போடாதவர். யுத்தகால வேலைகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருகிறார்கள் என்றார். மூன்றாவது தட்டு தீபாவளி வரைக்கும் தாராவியில் தாங்கினால் இந்த வேலையும் இருக்கும், நானும் இருப்பேன். தாங்காவிட்டால் இதை மூடிவிட்டு என்னை நூலகத்துக்கு அனுப்புவார். சஞ்சிகைகளுக்கு அட்டவணை தயாரிக்க அங்கே ஆள் கேட்கிறார்கள். "உனக்குத்தான் பட்டியல் போட நன்றாக வருமே" என்று ஆறுதலாகச் சொன்னார்.

எனக்குப் பட்டியல் பிடிக்கும். ஆனால் என் பட்டியலின் கடைசியில் எப்போதும் ஒரு நெருப்பு இருந்தது. அதில் ஏதாவது ஒன்று ஜெயித்தது அல்லது தோற்றது. அட்டவணையில் அது கிடையாது. அன்று வீட்டுக்குத் திரும்பும்போது, இந்த வேலை போனால் எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கும் என்று முதல்முறையாகத் தெரிந்தது.

தட்டைக் காகிதத்தில் சுற்றி மறுநாள் எடுத்துக்கொண்டு கிளம்பியபோது அம்மா வாசலில் மறித்தாள்.

"தாராவிக்கா? தனியாவா?"

"பக்கந்தானேம்மா. ரயில் பாலத்தைத் தாண்டினா வந்துடறது."

"எதுக்கு?"

"இந்தத் தட்டைக் குடுக்கணும்."

அம்மா காகிதத்தைப் பிரித்துப் பார்த்தாள். சாம்பல் நிறம், பளபளப்பே இல்லை. "இதுக்கா ரெண்டு மாசமா ராவும் பகலும் உசிரை விடறே? நம்மாத்துப் பரண்ல இதைவிட நல்ல தட்டா நாலு கெடக்கு" என்று சொல்லித் திருப்பிச் சுற்றிக் கொடுத்தாள்.

பட்டறை, தோல் மண்டிகளைத் தாண்டி, குயவர்களின் சூளைப் புகை வந்து சேரும் ஒரு சந்தில் இருந்தது. தகரக் கூரை, செங்கல் உலை, அதன் மேல் கூரையைத் துளைத்துக்கொண்டு போகும் உயரமான புகைபோக்கி. லாரிகளுக்கும் பஸ்களுக்கும் வேண்டிய பின், போல்ட் வகைகளைத் தட்டில் அடுக்கி, செக்கச்செவேலென்று காய்ச்சி, எண்ணெயில் போட்டுக் கெட்டிப்படுத்துவார்கள். சாதாரண இரும்புத் தட்டு என்றால் அதுவே தினமும் பொருக்குவிட்டுச் சாமானின் மேல் உதிரும். அந்தத் தொல்லை தீருமா என்று எங்கள் தட்டை வைத்துப் பார்க்கச் சம்மதித்த ஒரே பட்டறை இதுதான். சொந்தக்காரர் திருநெல்வேலிப் பக்கத்தவர். சந்து முழுவதும் அவரை அண்ணாச்சி என்றது. நானும் அப்படியே கூப்பிட்டேன். பட்டறையின் பின்னால் ஒரு தடுப்புக்கு அப்பால் அவரும் மனைவியும் குடியிருந்தார்கள்.

"வாங்கம்மா. ரெண்டாவதும் போச்சு" என்றார் அண்ணாச்சி. "நா ஒண்ணும் கொற சொல்லல. ஆனா நம்ம கொல்லன் அடிச்ச தட்டே ரெண்டு மாசம் நிக்கும். ஒங்க தட்டு படிச்ச தட்டாக்கும், ரெண்டு வாரத்துலயே ரிட்டைராயிட்டு."

"இது நிக்கும் அண்ணாச்சி."

"எங்க வீட்டுக்காரி வேற சொல்லுதா. கண்ணுங்கா."

"கண்ணா?"

"பின்ன? மாட்டுங்காவுல இருந்து படிச்ச பொம்பளப் புள்ள நம்ம பட்டறைக்குத் தட்டு கொண்டாருதுன்னா, சந்து பூரா வந்து எட்டிப் பாத்துட்டுல்லா போறான்."

அதற்குள் அவர் மனைவி தடுப்பைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். என்னைவிடப் பத்து வயசு பெரியவராக இருக்கலாம். படித்த பெண் என்றால் டீச்சராகத்தான் இருக்கவேண்டும் என்பது அவர் முடிவு. நான் முதல் நாளே திருத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். கையில் கல்லுப்பும் காய்ந்த மிளகாயும் இருந்தன.

"டீச்சரம்மா, தட்டைக் கையில பிடிச்சுக்கிட்டு இப்படிக் கெழக்க பாத்து நில்லுங்க."

"எனக்கு எதுக்கு அக்கா?"

"ஒங்களத்தானே பாக்கான். தட்டையா பாக்கான்?"

நின்றேன். மூன்று முறை சுற்றினார். சுற்றும்போது வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனார்: எதிர்த்த லேத்துப் பட்டறைக் கண்ணு, மாஹிம் தரகன் கண்ணு, தண்ணிக் குழாயில நிக்கவளுக கண்ணு, போன வருசம் உலையை விலைக்குக் கேட்டவன் கண்ணு. ஒழுங்கான பட்டியல், யாரையும் விடவில்லை. பிறகு நீளமான கொக்கியால் உலைக் கதவை இழுத்து, கையிலிருந்த உப்பையும் மிளகாயையும் முழுவதும் உள்ளே வீசினார். உப்பு படபடவென்று வெடித்தது. சிவந்திருந்த உலைவாய் முழுவதும் கண் கூசும் மஞ்சளாக மாறியது.

அந்த மஞ்சளை முதல் வருஷம் ரசாயனம் படிக்கிறவளுக்கும் தெரியும். சோடியம். கண்ணுக்குத் தெரியாத அளவு உப்பு இருந்தாலே சுடரில் காட்டிக் கொடுத்துவிடும். இங்கே ஒரு கைப்பிடி.

அக்கா நெருப்பைப் பார்க்கவில்லை. மூக்கை உயர்த்தி மோந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெடி வருதா டீச்சரம்மா?"

"இல்லியே."

"பாத்தீயளா! மொளகா எரியுது, ஒரு பொட்டு நெடி இல்ல. கண்ணு இல்லன்னா நெடி நம்மள நிக்க விடுமா? அம்புட்டும் கண்ணு." அண்ணாச்சியைப் பார்த்து, "நா சொன்னா இவிய நம்ப மாட்டாவ" என்றார்.

"எப்பப்போ போடறேள் அக்கா?"

"செவ்வா, வெள்ளி. மொதத் தட்டுக்கு ஒரு கை போட்டேன். நெடியே வரல. ரெண்டாவதுக்கு ரெண்டு கை போட்டேன். அப்பவும் வரல. எவன் கண்ணோ, கல்லுக் கண்ணு!"

நான் நிமிர்ந்து புகைபோக்கியைப் பார்த்தேன். அவ்வளவு உயரமான புகைபோக்கி வைத்த உலை, வாயருகில் இருக்கும் காற்றையெல்லாம் உள்ளே இழுத்து மேலே அனுப்பிவிடும். அதில் ஒரு மூட்டை மிளகாயைக் கொட்டினாலும் கீழே நிற்கிறவர்களுக்குத் தும்மல் வராது. நெடி இல்லாததால் உப்பு கூடியது. உப்பு கூடியதால் தட்டு கெட்டது. தட்டு கெட்டதால் கண் இருப்பது உறுதியாயிற்று. இரண்டாவது தட்டு ஏன் முந்திப் போனது என்பதும் தெரிந்துவிட்டது. பூச்சைத் தடிப்பாக்கிக் கொடுத்தவள் நான். உப்பை இரட்டிப்பாக்கியவர் அவர்.

நிலக்கரிப் புகையில் கந்தகம் உண்டு. உப்பும் கந்தகமும் நெருப்பில் சேர்ந்தால் சோடியம் சல்பேட்டு உண்டாகும். அது மிச்சமிருக்கும் உப்போடு கலந்து, அந்த உலையின் சூட்டிலேயே உருகித் தட்டின்மேல் ஈரமாகப் படியும். உருகிய உப்பில் ஆக்ஸைடு படலம் கரைகிறது. அடியிலிருந்து அலுமினியம் புதுப்படலம் போடும், அதுவும் கரையும். இப்படியே தோலில் ஊறிய அலுமினியம் தீர்ந்தபின் கீழே இருப்பது வெறும் இரும்பு. எங்கள் மின்சார உலையில் உப்பும் இல்லை, புகையும் இல்லை. நான் தட்டுக்கு வைத்த பரீட்சையில் கஷ்டமான கேள்வி எதுவுமே இருக்கவில்லை.

"அக்கா," என்றேன், "தட்டு உப்பாலதான் போறது."

"எந்த உப்பால?"

"இப்போ போட்டேளே, அதாலதான்."

அண்ணாச்சி பெரிதாகச் சிரித்தார். "ஏட்டி, நீதானா அந்தக் கொள்ளிக்கண்ணு!"

"சிரிக்காதீய!" அக்காவின் முகம் சிவந்துவிட்டது. என் பக்கம் திரும்பினார். "டீச்சரம்மா, ஒண்ணு கேக்கேன். மொதத் தட்டு வந்த அன்னைக்கே நா போட்டாச்சு. போடாம இருந்தா அது நின்னுருக்கும்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது. போட்டும் இந்தப் பாடு. போடாம இருந்தா ரெண்டு நாள்லயே போயிருக்குமோ என்னமோ?"

பகுதித் தலைவர் கேட்டிருந்தாலும் இதைத்தான் கேட்டிருப்பார். ஒப்பிட்டுப் பார்க்க உப்புப் படாத எங்கள் தட்டு ஒன்றாவது அந்த உலையில் இருந்திருக்கவேண்டும். "அதுக்குத்தான் இதை உப்பு போடாம விட்டுப் பார்க்கலாம்" என்றேன். தீபாவளிவரை தட்டு நிற்காவிட்டால் என் வேலை இருக்காது என்பதையும் சொன்னேன்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். அவருக்குப் பயம் கூடிவிட்டது. "அப்ப நா எப்படி விடுவேன்? ஒங்க வேல போனா அந்தப் பாவம் எனக்கா? கண்ண உலையில வச்சுக்கிட்டுக் கைய கட்டிக்கிட்டு நிக்கச் சொல்லுதீயளா?"

"போடுங்கோ, வேண்டாங்கலை. உங்க அடுப்பிலே போடுங்கோ."

"உலைக்குச் சுத்துனத உலையிலல்லா போடணும்."

"என்னைத்தானே சுத்தினேள்? நானா உலை?"

அண்ணாச்சி மறுபடி சிரித்தார். அக்காவுக்கும் சிரிப்பு வரப் பார்த்தது; ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. திருஷ்டி உண்டா இல்லையா என்று வாதாட எனக்கு அறிவும் இல்லை, ஆசையும் இல்லை. நெடியைப் பற்றி மட்டும் எனக்குத் தெரியும். தட்டைச் சுற்றியிருந்த காகிதத்தில் ஒரு கீற்றுக் கிழித்து, உலைக் கதவின் இடுக்கில் பிடித்தேன். காகிதம் உள்பக்கமாக மடிந்து, என் விரலிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது.

"இழுக்கறது பார்த்தேளா? நெடியும் இப்படியேதான் உள்ளே போய் மேலே போயிடும். கண் இருந்தாலும் நெடி வராது, இல்லேன்னாலும் வராது. இந்த உலை உங்களுக்கு எந்தப் பதிலும் சொல்லாது அக்கா."

அவர் இன்னொரு கீற்றை வாங்கித் தானே பிடித்துப் பார்த்தார். அதுவும் போனது. மூன்றாவதாக ஒன்றையும் கேட்டு வாங்கினார். பிறகு தடுப்புக்குப் பின்னால் போய், உப்பும் மிளகாயும் புதிதாக எடுத்துவந்து, என்னையும் தட்டையும் அண்ணாச்சியையும் உலையையும் சேர்த்து ஒரு பெரிய சுற்றாகச் சுற்றிக்கொண்டு, தம் அடுப்பங்கரைக்கே போனார்.

முதலில் அண்ணாச்சி இருமினார். பிறகு நான். பிறகு தகரச் சுவருக்கு அந்தப்புறம் லேத்துப் பட்டறையில் யாரோ. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்ட, சந்துக்கு ஓடிவந்து நின்றோம். தண்ணீர்க் குழாயில் நின்றவர்களும் குடத்தை விட்டுவிட்டு முந்தானையால் மூக்கை மூடினார்கள்.

"ஏ மதராஸி! க்யா ஜலா ரஹே ஹோ?" என்று, எதை எரிக்கிறோம் என்று கேட்டு மாடியிலிருந்து ஒருவர் இந்தியில் கத்தினார்.

"மிர்ச்சி, பாயி, மிர்ச்சி!" என்று அண்ணாச்சி இருமலுக்கு நடுவே பதில் கொடுத்தார்.

கடைசியாக அக்கா வந்தார். முகம் முழுவதும் கண்ணீர். அந்தக் கண்ணீரோடு அப்படி ஒரு சிரிப்பு. "கண்ணே இல்ல டீச்சரம்மா! நெடியப் பாருங்க! சுத்தமா இல்ல!"

"அப்பம் ரெண்டு தட்டும் எப்படிப் போச்சாம்?" என்றார் அண்ணாச்சி.

"அதான் உப்புன்னு டீச்சரம்மா சொல்லுதாவல்லா. காதுல விழலியா?"

"அப்ப இனி வாராவாரம் இருமணுமாக்கும்?"

"இருமுங்க. இருமுனா நல்லதுதான்."

எல்லாரும் திரும்பி உள்ளே போனபின், உலையை அன்று அணைத்து, சாம்பலையும் பழைய கரியையும் வழித்துவிட்டுப் புதுக்கரி போடவேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். ஒரு நாள் வேலை கெடும். அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். அக்கா அவருக்குப் பதிலாகச் சரி என்றார். மறுநாள் உலை சுத்தமாகி எரியத் தொடங்கியபின் மூன்றாவது தட்டு உள்ளே போனது.

திருஷ்டி சுற்றிய அன்று மாலை நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா இரண்டு தும்மல் போட்டாள். "என்னடி இது? லாபுக்குப் போனியா, மொளகா மண்டிக்குப் போனியா?" புடவையை அப்படியே ஊறப் போடச் சொன்னாள். நடந்ததைச் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை. "உப்பை ஜலத்துல கரைச்சும் விடலாமே, அதுவும் உண்டே. அந்தப் பொம்மனாட்டிகிட்ட சொல்லு" என்று மட்டும் சொன்னாள். எனக்கு அது தோன்றவே இல்லை.

அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தாராவிக்குப் போனேன். அந்த நடை எனக்குப் பிடித்துப்போயிற்று. பாலத்தின்மேல் நின்றால் ஒரு பக்கம் மாட்டுங்காவின் மரங்கள், மறுபக்கம் சூளைப் புகை, கீழே லோகல் ரயில். அக்கா கொக்கியால் கதவைத் திறந்து, "பாருங்க ஒங்க தாம்பாளத்த" என்பார். சிவந்த நெருப்புக்குள் தட்டு அசையாமல் இருக்கும். வெளியே எடுத்து ஆறவைத்தால் அதே மங்கிய சாம்பல் நிறம், விரலால் தேய்த்தால் எதுவும் ஒட்டாது. இதைவிட அழகான பொருளை நான் அந்த வருஷம் பார்க்கவில்லை. வீட்டில் சொல்லவில்லை; நகைக்கடைக்குக் கூட்டிப்போய் வைத்தியம் பார்த்திருப்பார்கள்.

பகுதித் தலைவரிடம் காரணத்தைச் சொல்லப் போனபோது கொஞ்சம் தயங்கினேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டுவிட்டு எழுந்து ஜன்னலண்டை போய் நின்றார். அந்த உலைக்குள் உப்பு போவது அந்த அம்மாளின் கையால் மட்டும்தானா என்று கேட்டார். மாஹிம் கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. காற்றில் என்ன இருக்கிறது? அந்த அம்மாள் ஒரு கைப்பிடியில் போட்டதைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகப் போடும், அவ்வளவுதான்.

பிறகு மேஜையிலிருந்து ஒரு வெளிநாட்டுச் சஞ்சிகையை எடுத்துக் காட்டினார். விசிறி இல்லாத புதுவகை ஆகாயவிமான இயந்திரம். அதற்குள் ஒரு சக்கரம். சக்கரத்தின் விளிம்பெல்லாம் விரல் நீளத் தகடுகள். எரியும் வாயு அந்தத் தகடுகளில் மோதிச் சுழற்றுகிறது. தகடுகள் எந்நேரமும் நெருப்பில் சிவந்து நிற்கவேண்டும். இந்த விமானம் கடலின்மேல் பறந்தால் உப்புக் காற்றைத்தானே உறிஞ்சும், எரிபொருளில் கந்தகமும் இருக்கும் என்றார். உன் தட்டு ஒரே இடத்தில் அசையாமல் இருக்கிறது, அதற்கே இந்தப் பாடு. உப்பில்லாத சுத்தமான காற்றில் பரீட்சை செய்து நமக்கு இனி என்ன பிரயோசனம் என்று கேட்டார்.

அன்றிலிருந்து நான் ஆய்வுக்கூடத்தில் அலுமினியம் ஊறிய இரும்புத் துண்டுகளுக்கு வேண்டுமென்றே உப்பு பூசுகிறேன். உப்புநீரில் தோய்த்துக் காயவைத்து, கந்தகப் புகை சேர்த்துச் சுடுகிறேன். பக்கத்து மேஜைக்காரர்கள் போகும்போதும் வரும்போதும், "இன்றைக்கு யார் கண்?" என்று கேட்கிறார்கள். பெயர் சொன்னால் அந்தப் பெயருக்கு ஒரு துண்டு சுடுவதாகச் சொல்லியிருக்கிறேன். இதுவரை நல்ல பூச்சு எல்லாம் கெட்டுத்தான் போகிறது. அலுமினியத்துக்கு முன்னால் கொஞ்சம் குரோமியத்தையும் ஊறவைத்த துண்டுகள் மட்டும் மெதுவாகக் கெடுகின்றன. ஏன் என்று இன்னும் சரியாகத் தெரியவில்லை.

இப்போதைய நிலை இது. மூன்றாவது தட்டு தீபாவளியைத் தாண்டிப் பொங்கல்வரை நின்றது. ஒரு மூலை மட்டும் மெலிந்திருக்கிறது, கடல் காற்றினால் இருக்கலாம். என் வேலையை ஒரு வருஷத்துக்கு நீட்டித்திருக்கிறார்கள். அண்ணாச்சி இன்னும் இரண்டு தட்டு கேட்டிருக்கிறார். அவற்றில் ஒன்றில் குரோமியம் சேர்த்திருக்கிறேன், ஒன்றில் சேர்க்கவில்லை. இரண்டும் வரும் வாரம் உலைக்குள் போகும்.